ஆடிப் பட்டமும் ஆறு பெயிண்ட் வாளிகளும்

ஜூலை 18, ஆடி 2
மதுரை செல்லூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு மொட்டை மாடியில் காய்கறி போட வீட்டுக்காரம்மா சம்மதித்துவிட்டார். தளத்தில் தண்ணீர் தேங்கக் கூடாதாம். கையில் 500 ரூபாய்தான். தொட்டி கட்டுப்படியாகாது. பெயிண்டர் ஒருவரிடம் 20 லிட்டர் காலி வாளி, ஒன்று 30 ரூபாய் என்று பேசி ஆறு எடுத்தேன். கம்பியைச் சூடாக்கி அடியில் ஓட்டை போட்டு, செங்கல் மேல் தூக்கி வைத்தாயிற்று.

ஜூலை 21
உசிலம்பட்டிப் பக்கம் அம்மாச்சி ஊரிலிருந்து மாமா இரண்டு சாக்கு கண்மாய்க் கரம்பை கொண்டுவந்தார். சத்தான மண், ஆனால் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதனால் கரம்பை, தேங்காய் நார்க்கழிவு, தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்தேன். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு தடவை அலசிய பிறகுதான் தண்ணீர் தெளிந்தது. நார்க்கழிவுக் கட்டி 150 ரூபாய், தொழுவுரம் 40. வெண்டை, கத்தரி, தக்காளி, தண்டுக்கீரை விதை நாலு பொட்டலம் 80. மீதி 50.

ஜூலை 29
ஒவ்வொன்றிலும் பத்து விதை எடுத்து ஈரத்துணியில் மடித்து வைத்திருந்தேன். கத்தரியில் எட்டு முளைத்திருந்தது, தக்காளியில் ஒன்பது. வெண்டையில் மூன்றே மூன்று. வெண்டை விதை நூற்றுக்கு 65 ஆவது முளைக்க வேண்டும் என்பது தரம். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் பரிசோதித்த நாள் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தத் தேதியிலிருந்து ஒன்பது மாதம்தான் விதைக்குக் கெடு. வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும்.

அம்மாச்சிக்குப் போன் போட்டேன்.

“ஏ தாயி, முளைப்பாரி போடுறதுக்கு முன்னாடி ஒரு பிடி தானியத்த ஈரத்துணியில கட்டிப் பாப்போம்ல? மொளைச்சாத்தான ஓட்டுல போடுவோம். வெண்டைக்கு ஏன் கடைக்குப் போன? அடுப்படியில முத்தல் காய் கட்டித் தொங்குது, மாமாட்ட குடுத்துவிடுறேன்.”

முளைப்பாரியைச் சாமி காரியமாக மட்டுமே பார்த்து வளர்ந்தவள் நான். பட்டத்துக்கு முன் ஊர் முழுக்கத் தன் விதையைச் சோதித்துப் பார்க்கும் வேலையும் அதில் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் உறைத்தது.

ஆகஸ்ட் 3, ஆடி 18
அம்மாச்சி கொடுத்துவிட்ட வெண்டை விதையை ராத்திரி ஊறவைத்து, வாளிக்கு இரண்டாக, ஒரு விரற்கட்டை ஆழத்தில் நேரடியாக ஊன்றினேன். கத்தரி, தக்காளி தயிர் டப்பாக்களில். கீரை விதையை மணலோடு கலந்து பழைய சாக்கு ஒன்றில் தூவினேன்.

ஆகஸ்ட் 7
காலை ஆறு மணிக்கு மூன்றாவது வாளியில் மண் லேசாகத் தூக்கியிருந்தது. வெளிறிய தண்டு ஒன்று கழுத்தை வளைத்து வெளியே வந்திருக்கிறது. தலை இன்னும் மண்ணுக்குள். ஒன்பது மணிக்கு நிமிர்ந்துவிட்டது, ஆனால் விதைத்தோல் இரண்டு இலையையும் கவ்விப் பிடித்திருந்தது. கை பரபரத்தது. பிய்த்தால் இலையும் கூட வந்துவிடும். விரலால் தண்ணீர் தொட்டு வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் தானாக உதிர்ந்து கிடந்தது.

ஆகஸ்ட் 9
கீரை விதையை எறும்பு இழுத்துப் போய்விட்டது. மறுபடி தூவி, ஓரத்தில் கொஞ்சம் நொய்யரிசி போட்டிருக்கிறேன். அதைத் தின்னட்டும்.

ஆகஸ்ட் 31
நிழலில் வைத்திருந்ததால் தக்காளி நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டது. பரவாயில்லை, தண்டைப் பாதி வரை புதைத்து நட்டால் அங்கேயும் வேர் விடும். கத்தரியையும் வெயில் தாழ்ந்த பிறகு மாற்றி நட்டேன். கீரை இரண்டு தடவை பறித்தாயிற்று.

செப்டம்பர் 13
வெண்டை பூத்துவிட்டது! வெளிர் மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்பு. மத்தியானத்துக்குள் வாடிவிடுகிறது. ஒரு கொழுந்தில் மாவுப்பூச்சி. மீதி 50 ரூபாய்க்கு வேப்பெண்ணெய் வாங்கி, லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு சாயங்காலம் அடித்தேன்.

செப்டம்பர் 20
ஏழு வெண்டைக்காய். நுனி ஒடித்தால் பட்டென்று ஒடிகிறது. மூன்றாவது வாளிச் செடியில் நன்றாக வந்த காய் ஒன்றை மட்டும் விட்டுவைத்து, சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். அது முற்றிக் காயட்டும். பறிக்க வேண்டாமென்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.