சம்பளச் சீட்டில் ஒரு புதிய பிடித்தம்

இந்த மாதச் சம்பளச் சீட்டில் முதன்முறையாக ‘ஓய்வுக்கால முதலீடு’ என்றொரு பிடித்தம் இடம்பெற்றிருந்தது. அதற்கு நேர் கீழே, நிறுவனம் தன் பங்காகச் செலுத்திய தொகையும் தனியே அச்சிடப்பட்டிருந்தது. சம்பளத்தில் நான் போடும் 6 சதவீதத்துக்கு நிறுவனம் 3 சதவீதம் சேர்க்கும் என்பதை வேலையில் சேர்ந்த நாளிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் அதில் சேர்வதற்கான படிவம் நான்கு ஆண்டுகளாக என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. ‘சம்பளம் உயரட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும், எனக்கு வரவேண்டிய பணத்தில் ஒரு பகுதியை நானே விட்டுக்கொடுத்திருக்கிறேன் என்பது கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது.

ஆண்டுக்கு 7 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், இன்று போடும் தொகை 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 7.6 மடங்காகவும், 40 ஆண்டுகளில் 15 மடங்காகவும் பெருகும். (சந்தை சார்ந்த முதலீட்டில் இதற்கு உத்தரவாதம் எதுவுமில்லை என்பது வேறு விஷயம்.) இதைவிட என்னை யோசிக்கவைத்தது நிர்வாகக் கட்டணம்தான்: ஆண்டுக்கு 1 சதவீதம் கட்டணமாகக் கழிந்து வளர்ச்சி 6 சதவீதமாகக் குறைந்தால், 30 ஆண்டு முடிவில் கைக்கு வருவதில் ஏறத்தாழ கால்வாசி காணாமல் போய்விடுகிறது. ஆகவே, பட்டியலில் கட்டணம் மிகக் குறைவாக இருந்த குறியீட்டு நிதியையே (பங்குச் சந்தைக் குறியீடு ஒன்றை அப்படியே பின்பற்றும் நிதி) தேர்ந்தெடுத்தேன்.

நிறுவனத்தின் பங்கு, திட்டத்தில் சேர்ந்து 3 ஆண்டுகள் பணியில் நீடித்தால்தான் முழுமையாக எனதாகும் என்ற நிபந்தனை படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. நாமினி பெயருக்கான கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. நாளை நிரப்பிக் கொடுக்க வேண்டும்.