கறுப்புக் கரை போட்ட கடிதம்: போர்க்கால மௌனப்பட நாட்குறிப்பு

மார்ச் 4

ஜான் ஃபோர்டின் ‘ஃபோர் சன்ஸ்’ (1928). முதல் உலகப் போர்க் காலம், பவேரியக் கிராமம். தாய்க்கு நான்கு பிள்ளைகள். ஒருவன் அமெரிக்கா போய்விட, மற்ற மூவரையும் போர் கொண்டுபோகிறது. தாயாக மார்கரெட் மேன் அதிகம் அழுவதில்லை. துக்கத்தின் பாரம் முழுக்கத் தபால்காரர் தலையில்தான். முதலில் சிரித்த முகமாகக் கடிதம் தந்தவர், பிறகு கறுப்புக் கரை போட்ட உறையைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறார். உறையைப் பிரிக்கும் முன்பே சாவுச் சேதி நமக்கு வந்துவிடுகிறது. அந்த இடத்தில் டைட்டில் கார்டு (மௌனப்படத்தில் இடையிடையே வரும் எழுத்து அட்டை) எதற்கு?

மார்ச் 7

இப்படிக் காத்திருக்கும் பெண்களின் காட்சிகளைக் கெடுப்பது பெரும்பாலும் படத்தை ஓட்டும் வேகம். 35 மி.மீ. பிலிமில் அடிக்கு 16 ஃபிரேம், அதாவது 16 தனிப் படங்கள். 1,000 அடி ரீல், நொடிக்கு 16 ஃபிரேம் வீதம் 16 நிமிடம் 40 நொடி ஓடும். 24 வைத்தால் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ‘ஃபோர் சன்ஸ்’ இசைத்தடத்தோடு வந்த படம், அதற்கு 24 சரி. கிரிஃபித்தின் ‘ஹார்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்டு’ (1918) அப்படியில்லை. கல்யாண உடையை அணைத்தபடி போர்க்களத்தில் காதலனைத் தேடும் லிலியன் கிஷ், 24-இல் ஓட்டமும் நடையுமாகத் தெரிவார். பார்ப்பவர் சிரித்துவிட்டால் காட்சி போச்சு. வீடியோவில், நொடிக்கு 18 ஃபிரேம் ஓட வேண்டிய படத்தை 24 ஆக்க, மூன்று ஃபிரேமுக்கு ஒன்றை இரட்டிப்பார்கள். மெதுவான நடையில் அந்தத் திக்கல் கண்ணை உறுத்தும். ஆனாலும் வேகமாக ஓட்டுவதற்கு இது எவ்வளவோ மேல்.

மார்ச் 8

இரவுக் காட்சிகளைப் பகலிலேயே எடுத்து, பிரின்ட்டை நீலச் சாயத்தில் முக்குவது அன்றைய வழக்கம். விளக்கு எரியும் அறைக்கு மஞ்சள் சாயம். பிறகு கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தபோது சாயம் போய்விட்டது. அதனால்தான் ஜன்னலில் விளக்கேற்றிக் காத்திருப்பவள் பட்டப்பகலில் ஏற்றியதுபோல் ஆகிவிடுகிறாள். வெளியே நிழல் கூர்மையாக விழுந்து, உள்ளே விளக்கும் எரிந்தால் அது இரவுக் காட்சி என்று சந்தேகப்படலாம்.

மார்ச் 15

கிங் விடோரின் ‘தி பிக் பரேட்’ (1925). ஒற்றைக் காலோடு வீடு திரும்பும் மகனைத் தாய் தழுவும்போது, அவன் சிறுவயதுக் காட்சிகள் ஒன்றில் ஒன்று கரைந்து வருகின்றன. தாயாக நடித்த கிளேர் மெக்டவலின் முகமே போதும் என்பவர்களும் உண்டு. எனக்கு அந்தக் காட்சிகள் வேண்டும். இப்படிக் கரைக்கக் காமிராவுக்குள்ளேயே ஒரு வழி இருந்தது. கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம். இரண்டு சுற்றில் முதல் காட்சியை இருளவிட்டு, லென்ஸை மூடி, அதே இரண்டு சுற்றைப் பின்னால் ஓட்டி, அடுத்ததை ஒளிரவிட வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் நடுவில் இருட்டு விழும். மிஞ்சினால் முதல் காட்சி மங்குமுன்பே அடுத்தது அதன்மேல் ஏறும். எப்படித் தவறினாலும் இரண்டு காட்சியையும் மறுபடி எடுத்தாக வேண்டும்.