சவுக்கு என்றால் எந்த மரம்?

உயர்தர வகுப்பில் உயிரியல் எடுத்தால் டாக்டர்தான் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரு கணக்கு, எனக்கும்தான். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி வந்த அன்றே அது முடிந்தது. அனுமதியில் 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, மீதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு; நுவரெலியாவும் அதில் சேரும், எப்படியோ கேம்பஸ் கிடைத்தது. வனவியல் என்றதும் அம்மா, "சுத்திவர காடு கெடக்கே, அதப் படிக்க கொழும்புப் பக்கமா போற?" என்றார்.

தமிழில் படித்துவிட்டு வந்தவளுக்கு விரிவுரை ஆங்கிலத்தில், காட்டுக்குப் போனால் பேச்சு சிங்களத்தில். முதல் வருடம் பாதி புரியவில்லை, புள்ளிவிபரவியலில் ஒரு பாடம் போயே போச்சு. அப்புறம் ஒருநாள் நானும் யாழ்ப்பாணத்துத் தோழியும் சவுக்கு மரத்துக்காகச் சண்டை போட்டோம். எனக்குச் சவுக்கு தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்பது, அவளுக்கோ கடற்கரையில் ஊசி ஊசியாக இலை தொங்குவது. என்னுடையது கிரெவில்லியா ரொபஸ்டா, அவளுடையது கசுவரினா. சிங்களத்திலும் என் மரத்துக்கு சபுக்கு என்றுதான் பெயராம்! அதுவரை வேண்டாவெறுப்பாக மனப்பாடம் செய்த லத்தீன் பெயர்கள் எதற்கென்று அன்றைக்குத்தான் உறைத்தது.

கடைசி வருட ஆய்வை ஊரிலேயே வைத்துக்கொண்டேன், தேயிலை மலையில் நிற்கும் மரங்களையும் பக்கத்துக் காட்டுத் துண்டையும் ஒப்பிடுவது. காட்டுக்குள் போக அனுமதி வேண்டும். கொடுத்த கடிதம் ஓர் அலுவலகத்தில் காணாமல் போய், "நீங்க தரவே இல்லையே" என்றார்கள், இரண்டு மாதம் வீண். எதைக் கொடுத்தாலும் போட்டோ கொப்பியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள், தயவுசெய்து.

அளக்கிற வேலை எளிது என்று நினைத்தது என் தப்பு. மரத்தின் விட்டத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டரில் எடுக்க வேண்டும், சரிவில் நின்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து கணக்கு. நெஞ்சளவு என்பார்கள், என் உயரத்துக்கு அது கழுத்தளவு. ஒரு கம்பை 1.3 மீட்டருக்கு வெட்டி வைத்துக்கொண்டேன். மழை விட்டால் அட்டை, காலில் சவர்க்காரம் தேய்த்தும் பயனில்லை.

லீவு நாளில் அப்பாதான் டேப் பிடிக்க வருவார். மேலே நின்றபடி "சவுக்கு, இருபத்தெட்டு!" என்று கூவுவார், நான் கீழே கிரெவில்லியா ரொபஸ்டா, 28 செ.மீ. என்று எழுதுவேன்.