ருணீசாவில் ஓர் இரவு

ராஜஸ்தானில், ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் போகும் ரயில் பாதையில், போக்ரானை ஒட்டி இருக்கிறது ராம்தேவ்ரா. பக்தர்கள் வாயில் அது ருணீசா. நாட்டார் தெய்வமாக வணங்கப்படும் பாபா ராம்தேவ் (இன்றைய யோகா குரு அல்ல) ஜீவசமாதி கொண்ட தலம். இந்துக்களுக்கு அவர் கிருஷ்ணனின் அவதாரம், முஸ்லிம்களுக்கு ராம்சா பீர், அதாவது சூஃபி ஞானி. இப்போதுள்ள கோயிலை 1931-ல் பிகானேர் மகாராஜா கங்கா சிங் கட்டினார். பாத்ரபத மாத (ஆகஸ்ட்-செப்டம்பர்) வளர்பிறையில் நடக்கும் மேளா என்ற திருவிழாவுக்குக் குஜராத்திலிருந்தெல்லாம் கொடி ஏந்தி நடந்தே வருகிறார்கள். நான் போனது மேளா நாளில் அல்ல, சாதாரணமான ஒரு வளர்பிறைத் துவிதியையில். அதை அங்கே 'பீஜ்' என்கிறார்கள். பாபாவுக்கு உகந்த நாள்.

சந்நிதியில் சமாதியின் மேல் சாதர் என்ற துணி போர்த்தியிருந்தது, அதன் மேல் மலர்மாலைகள். பலர் கையில் துணியால் செய்த சிறு குதிரைகள். பாபாவின் வாகனம் குதிரை என்பதால் அதுவே இங்கே காணிக்கை. எனக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி, பேரனின் கையைப் பிடித்துக் குதிரையை வைக்கச் சொல்லி, தானும் குனிந்து கும்பிட்டார். அருகிலேயே டாலிபாயின் சமாதி. மேக்வால் குலத்தில் பிறந்த பக்தை அவர். தீண்டாமை இறுகியிருந்த காலத்தில் பாபா அவரைத் தங்கையாக ஏற்றார் என்றும், பாபாவுக்கு முன்பே அவர் சமாதி அடைந்தார் என்றும் சொல்கிறார்கள். அங்கே நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நந்தனாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இரவில் ஜம்மா தொடங்கியது. விடிய விடிய பஜனை. தம்பூராவும் டோலக்கும் சேர, காமட் சமூகப் பெண்கள் தரையில் அமர்ந்து தேரா தாலி என்ற ஆட்டம் ஆடினார்கள். பதின்மூன்று மஞ்சீராக்கள் என்ற சிறு தாளங்கள்: வலது காலில் வரிசையாக ஒன்பது, முழங்கைகளில் இரண்டு, கைகளில் இரண்டு. கையிலுள்ள மஞ்சீரா சுழன்று வந்து காலிலுள்ளதைத் தட்டித் தட்டி எழுப்புகிறது. உடல் முழுவதுமே தாளமாகிவிடுகிறது. மேடை நிகழ்ச்சிகளில் இதை வித்தையாகப் பார்த்திருக்கிறேன். இங்கே, சமாதி இருக்கும் ஊரில் பார்க்கும்போதுதான் இது வழிபாடு என்று புரிகிறது.

பாடல்களில் திரும்பத் திரும்ப வந்த கதை, மெக்காவிலிருந்து வந்த ஐந்து பீர்களுடையது. பாபா விருந்து படைக்கிறார். 'எங்கள் பாத்திரங்களில்தான் உண்போம், அவற்றை மெக்காவிலேயே விட்டுவிட்டோம்' என்கிறார்கள். பாத்திரங்கள் ஆகாய வழியாக வந்து அவர்கள் முன்னால் இறங்குகின்றன. வந்தவர்கள் அவரைப் பீர்களுக்கெல்லாம் பீர் என்று வணங்குகிறார்கள். இந்த இடம் வந்ததும் கூட்டம் முழுக்க 'ஜெய் பாபா ரீ' என்று முழங்கியது.

அடுத்து ஜெய்சல்மேர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், ஒரு ராஜபுத்திர வீட்டு முற்றத்தில் மாங்கணியார் பாட்டைக் கேட்கும் பாக்கியம் கிடைத்தது. மாங்கணியார்கள் பரம்பரைப் பாடகர்கள், முஸ்லிம்கள். அவர்களை ஆதரிக்கும் ஜஜ்மான் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்துக் குடும்பங்கள். பிறப்புக்கும் திருமணத்துக்கும் அந்த வீடுகளில் பாடுவது தலைமுறை தலைமுறையாக வரும் உரிமை. கான் சாஹிப் என்று எல்லோரும் அழைத்த பெரியவர், முதலில் அந்த வீட்டாரின் முன்னோர் புகழைச் சொன்னார். பிறகு ஆட்டுத்தோல் போர்த்திய கமாய்ச்சா என்ற நரம்பு வாத்தியத்தில் வில்லை இழுத்து ஒரு கிருஷ்ண பஜன். அதைத் தொடர்ந்து சிந்து மண்ணின் சூஃபி ஷா அப்துல் லத்தீஃபின் பாடல். பக்கத்தில் இளைஞர் ஒருவர் கைக்கு இரண்டாகக் கட்டைகளைப் பிடித்துக் கர்த்தால் வாசித்தார். பஜனுக்கும் சூஃபி பாடலுக்கும் இடையே பெரியவர் நிறுத்தவே இல்லை. அதே சுருதி, அதே கனிவு.

1947-ல் விழுந்த எல்லை இந்தப் பாலையின் நடுவே போகிறது. உறவுகள் இரு பக்கமும் பிரிந்து கிடக்கின்றன. பாபாவுக்கு எல்லைக்கு அப்பால், பாகிஸ்தானின் சிந்துவிலும் கோயில் உண்டு. டண்டோ அல்லாஹ்யாரில் உள்ள ராமா பீர் கோயில் மேளாவுக்கு அங்குள்ள பக்தர்கள் திரளாகக் கூடுகிறார்கள்.

இதை 'மத நல்லிணக்கம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எனக்குப் போதவில்லை. மேக்வால்களும் காமட்களும் மாங்கணியார்களும் மேட்டுக்குடிகளால் தள்ளிவைக்கப்பட்டவர்கள். அவர்கள் தொண்டையில்தான் பாபா இத்தனை நூற்றாண்டு வாழ்ந்திருக்கிறார். பாடுகிறவர்களின் பிழைப்பு மெலிந்துவருவது எனக்குக் கவலை தருகிறது. பாட்டைக் கேட்டால் சன்மானம் கொடுக்காமல் எழாதீர்கள்.

போக விரும்புவோர் பஞ்சாங்கத்தில் வளர்பிறைத் துவிதியையைப் பார்த்துக் கிளம்புங்கள். சமாதி தரிசனம் பகலிலேயே முடிந்துவிடும். ஜம்மா கேட்க ராத்தங்க வேண்டும். குளிர்காலமானால் கம்பளி அவசியம்.