லா ஸ்காலாவின் முதல் நாள்: சீட்டு இல்லாமல் பார்த்த கதை

மிலானுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கதீட்ரல் மாடியில் ஏறி, டாவின்சியின் இறுதி இராவுணவு ஓவியத்தைப் பார்த்து, கொஞ்சம் கடைவீதி சுற்றிவிட்டு அடுத்த ஊருக்கு ரயில் ஏறிவிடுவார்கள். நான் 2023 டிசம்பரில் அங்கே போனது ஒரே ஒரு மாலைக்காக. ஒவ்வொரு டிசம்பர் 7-ஆம் தேதியும் அங்குள்ள லா ஸ்காலா அரங்கின் ஓபரா (மேற்கத்திய இசை நாடகம்) பருவம் புதிய தயாரிப்பு ஒன்றோடு தொடங்கும். 1951-இலிருந்து இதே தேதிதான். அன்று ஊரின் பாதுகாவலர் புனித அம்புரோசியாரின் திருநாளும்கூட, அதனால் மிலானுக்கே விடுமுறை. ஊர்க்காரர்களுக்கு அந்த மாலை வெறுமனே 'பிரிமா', அதாவது முதல் காட்சிதான். எந்த ஓபரா என்று கேட்பது கூட அப்புறம்தான்.

சீட்டு வாங்குகிற எண்ணமே எனக்கு இல்லை. முதல் நாளில் கீழ்த்தள இருக்கை ஒன்று இரண்டாயிரம் யூரோவைத் தாண்டும். அமைச்சர்கள், தொழிலதிபர்கள், நடிகர்கள், வடிவமைப்பாளர்களின் உடையில் வரும் பெண்கள் என்று உள்ளே போகிறவர்களின் உலகமே வேறு. 1968-இல் இதே வாசலில் மாணவர்கள் மென்மயிர் கோட்டு போட்டு வந்தவர்கள் மேல் முட்டை வீசினார்கள். இப்போதும் அன்று மாலை ஸ்காலா சதுக்கத்தில் ஏதாவது ஒரு தொழிற்சங்கமோ இயக்கமோ பதாகையோடு நிற்பது வழக்கம். ஆனால் வெளியே நிற்கிறவர்களுக்கும் இந்த நாளில் பங்கு உண்டு: முழு ஓபராவும் தேசியத் தொலைக்காட்சியில் நேரலையாக வருகிறது, நகரம் முழுக்கப் பல இடங்களில் பெரிய திரை கட்டி இலவசமாகக் காட்டுகிறார்கள். நான் அதற்காகத்தான் போனேன்.

காலையில் புனித அம்புரோசியார் பேராலயம், அப்புறம் ஸ்ஃபோர்சா கோட்டையைச் சுற்றி நடக்கும் 'ஓ பேய் ஓ பேய்' சந்தை. கயிற்றில் கோத்த கஷ்கொட்டை, சூடான மசாலா ஒயின், எண்ணெயில் பொரித்துச் சர்க்கரை தூவிய பணியாரங்கள், பழைய சாமான் கடைகள். கூட்டத்தில் நடப்பதே கஷ்டம். நான் சீக்கிரமே கிளம்பி மன்சோனி தெருவுக்கு வந்துவிட்டேன். அரங்கிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அங்கே ஒரு பழைய ஹோட்டல் இருக்கிறது. 1901 ஜனவரி 27-இல் இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் வெர்டி இறந்தது அங்கேதான். அவர் நினைவிழந்து கிடந்தபோது குதிரை வண்டிகளின் சத்தம் மாடிக்குக் கேட்கக்கூடாது என்று இந்தத் தெருவில் வைக்கோல் பரப்பியிருக்கிறார்கள். இப்போது அதே தெருவில் டிராம் கடகடவென்று போகிறது.

வெர்டிக்கு இந்த ஊர் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1840 செப்டம்பர் 5-ஆம் தேதி லா ஸ்காலாவில் அவருடைய நகைச்சுவை ஓபரா ஒன்று முதன்முதலாக மேடையேறியது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அவருடைய இரண்டு குழந்தைகளும் இறந்துபோயிருந்தார்கள், அந்த ஜூனில் மனைவி மார்கெரிட்டாவும் போய்விட்டார். அப்படிப்பட்ட வீட்டில் உட்கார்ந்து ஆட்களைச் சிரிக்கவைக்க இசை எழுதிக்கொடுத்தவரைப் பார்வையாளர்கள் கூச்சல் போட்டு விரட்டினார்கள். ஒரே காட்சி, அதோடு சரி. வெர்டிக்கு அப்போது 26 வயது. இதே மேடையில் 1842 மார்ச்சில் 'நபுக்கோ' அரங்கேறியபோதுதான் அவர் வெர்டி ஆனார்.

இன்னொரு இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினிக்கும் இதே கதி நேர்ந்தது. 1904 பிப்ரவரி 17-இல் 'மதாமா பட்டர்ஃபிளை' இங்கே முதல் நாளிலேயே விழுந்தது. சீழ்க்கை, கேலி, மிருகங்களின் குரல் வேறு. அவர் உடனே திரும்பப் பெற்று, மாற்றி எழுதி, அதே ஆண்டு மே மாதம் பிரேஷியா நகரில் மறுபடி மேடையேற்றி ஜெயித்தார். இன்று உலகம் முழுக்க விடாமல் பாடப்படுகிற ஓபராக்களில் அது ஒன்று. இந்தக் கதைகளைப் படித்த பிறகுதான் எனக்கு முதல் நாள் மேல் இவ்வளவு ஈர்ப்பு வந்தது. பூங்கொத்தும் புகைப்படமும் வாசலோடு சரி, உள்ளே நடப்பது ஒரு விசாரணை, அதன் நீதிபதிகள் உட்கார்ந்திருப்பது விலை உயர்ந்த இருக்கைகளில் இல்லை.

அவர்கள் இருப்பது மேலே. லா ஸ்காலாவில் நான்கு அடுக்குப் பெட்டி இருக்கைகள், அவற்றுக்கும் மேலே இரண்டு அடுக்கு மாடம். அந்த மாடத்துக்கு லொஜியோனே என்று பெயர். மலிவான சீட்டு, பாதி மேடைதான் தெரியும், ஆனால் ஒவ்வொரு சுரமும் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் வந்து உட்காரும் இடம் அது. பிடித்தால் பிராவோ, பிடிக்காவிட்டால் தயங்காமல் 'பூ...' என்று இழுப்பார்கள். 2006-இல், முதல் நாளுக்குச் சில நாட்கள் கழித்து நடந்த 'ஐடா' காட்சியில், மாடத்தின் எதிர்ப்பைக் கேட்டுப் பாடகர் ரொபெர்தோ அலான்யா பாட்டு முடிந்த கையோடு மேடையைவிட்டு வெளியேறிவிட்டார். மாற்றுப் பாடகர் சாதாரண உடையிலேயே ஓடிவந்து தொடர்ந்து பாடினார். கலைஞனிடம் இவ்வளவு கடுமை வேண்டுமா என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் எழுந்து நின்று கைதட்டுகிற கூட்டத்தைவிட இவர்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம், ஏனென்றால் அவர்கள் கேட்கிறார்கள், உண்மையாகவே காதைக் கொடுத்துக் கேட்கிறார்கள்.

சரி, மாலைக்கு வருவோம். கதீட்ரல் சதுக்கத்தையும் ஸ்காலா சதுக்கத்தையும் இணைக்கும் கலேரியா என்ற கூரையிட்ட கடைவீதியின் நடுவே, கண்ணாடிக் குவிமாடத்துக்குக் கீழே பெரிய திரை. அரங்கு கூப்பிடு தூரத்தில்தான், ஆனால் அந்தப் பக்கம் முழுக்கப் போலீஸ் தடுப்பு. நாற்காலிகள் எப்போதோ நிரம்பிவிட்டன, நாங்கள் பின்னால் நின்றோம். பக்கத்தில் ஒரு வயதான அம்மா மடக்கு ஸ்டூலும் ஃபிளாஸ்க்கும் கொண்டுவந்திருந்தார், விடிய விடியக் கூத்துப் பார்க்கப் பாயோடு வந்து இடம் பிடிக்கும் நம் ஊர்ப் பாட்டிகள் மாதிரி. நல்ல குளிர். கோட்டுப் பையைவிட்டுக் கையை எடுக்க மனமே வரவில்லை.

அந்த ஆண்டு ஓபரா வெர்டியின் 'டோன் கார்லோ'. இதுவும் முதல் நாளில் அடிபட்டதுதான். 1867-இல் பாரிஸில் அரங்கேறும்முன், ஆட்கள் கடைசி ரயிலைப் பிடிக்க முடியாமல் போகும் என்று நீளத்தைக் குறைக்க வேண்டிவந்தது. அப்புறமும் வெர்டிக்குத் திருப்தியில்லாமல் மாற்றி மாற்றி எழுதி, 1884-இல் லா ஸ்காலாவுக்காக நான்கு அங்கமாக ஆக்கினார். நாங்கள் பார்த்தது அந்த வடிவம். ரிக்கார்தோ ஷாயி இசைக்குழு நடத்துனர். முதலில் தேசிய கீதம். அது முடிந்ததும் மாடத்திலிருந்து ஒரு குரல், 'பாசிச எதிர்ப்பு இத்தாலி வாழ்க' என்று. கத்தியவரிடம் போலீஸ் அடையாள விவரம் கேட்டதாக மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதே பேச்சு.

கதை சுருக்கமாக: தனக்கு நிச்சயித்த பெண்ணைத் தன் தந்தையே, ஸ்பெயின் அரசரே, மணந்துகொள்ள, இளவரசன் தவிக்கிறான். ஆனால் என்னை உலுக்கியது தந்தைதான். மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில் அரசன் தனியாக உட்கார்ந்து, 'அவள் என்னை ஒருபோதும் நேசித்ததில்லை' என்று பாடும் இடம். முதலில் ஒரு செல்லோ மட்டும் அழுகிறது, அப்புறம்தான் குரல் வரும். அன்று அந்தப் பாத்திரத்தைப் பாடிய மிக்கேலே பெர்துசிக்கு உடல்நலம் சரியில்லை, இருந்தாலும் தொடர்ந்து பாடுவார் என்று மேடையிலிருந்து அறிவித்திருந்தார்கள். அதனால் ஒவ்வொரு வரிக்கும் எனக்கு நெஞ்சு படபடத்தது. கொஞ்சம் களைத்த அந்தக் குரல் தூக்கம் வராத ஒரு கிழ அரசனுக்கு அப்படியே பொருந்தியது. கடைகளுக்கு நடுவே, பையோடு போகிறவர்கள் வருகிறவர்களுக்கு நடுவே, திரைக்கு முன்னால் ஒருவரும் அசையவில்லை.

இளவரசி எபோலியாகப் பாடிய எலினா கரன்சாவுக்கும் அரசி எலிசபெத்தாவாகப் பாடிய அன்னா நெத்ரெப்கோவுக்கும் உள்ளே பெரிய கரகோஷம். இயக்குனர் லுயிஸ் பஸ்குவால் வந்து நின்றபோது அந்த 'பூ...' சத்தமும் கேட்டது. எனக்கும் மேடையமைப்பு கொஞ்சம் அசைவில்லாமல் இருந்ததாகத்தான் பட்டது, பாடகர்களை நிற்கவைத்தே பாடவைத்துவிட்டார். கடைசிக் கைதட்டல் பத்து நிமிடத்துக்கு மேல் போனது. இதைக்கூடக் கடிகாரம் வைத்துக் கணக்கிட்டுப் பத்திரிகையில் போடுகிற ஊர் இது. இத்தாலிய ஓபரா பாடும் கலையை யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் சரியாக முந்தைய நாள்தான், அந்தச் சந்தோஷமும் கலந்திருந்தது.

மறுநாள் அரங்கின் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கிருந்து பெட்டி இருக்கை ஒன்றின் வழியாக அரங்கை எட்டிப் பார்க்கலாம். சிவப்பும் தங்கமுமாக இருந்தது. 1943-இல் குண்டு விழுந்து கூரை இடிந்த இடம், 1946 மே மாதம் புகழ்பெற்ற நடத்துனர் தொஸ்கானினி வந்து இசை நடத்தித் திறந்த இடம். அதைப் பார்த்துவிட்டுப் புவோனரோத்தி சதுக்கத்தில் வெர்டி தன் பணத்தில் வயதான இசைக்கலைஞர்களுக்காகக் கட்டிய இல்லத்துக்குப் போனேன். அங்கேதான் அவரும் இரண்டாவது மனைவி ஜுசெப்பினாவும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கட்டாயம் போய்ப் பாருங்கள்.

போக நினைப்பவர்களுக்கு: 30 வயதுக்குள் இருந்தால் பிரிமாவுக்குச் சில நாட்கள் முன்பு இளைஞர்களுக்கென்றே நடக்கும் முன்காட்சிக்குக் குறைந்த விலையில் சீட்டு உண்டு, விற்பனை தொடங்கியதுமே தீர்ந்துவிடும். வயது தாண்டியவர்கள் அடுத்தடுத்த காட்சிகளுக்கு மாடத்துச் சீட்டை முயலுங்கள். திரையில் பார்ப்பதென்றால் தடிமனான காலணி போட்டுக்கொள்ளுங்கள், கலேரியாவின் பளிங்குத் தரை வழியாகத்தான் குளிர் ஏறுகிறது. கதைச் சுருக்கத்தை முன்கூட்டியே படித்துவிட்டுப் போவது நல்லது, திரையில் ஓடும் வரிகள் இத்தாலிய மொழியில்தான் இருக்கும்.