ஊட்டுகிற கையோடு பேச வேண்டும்

பக்கவாதத்துக்குச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவரைப் பற்றி ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் விசாரித்தால், எடுத்தவுடன் வரும் பதில் "நல்லாத்தான் இருக்காரு சிஸ்டர்." சொல்கிறவர் பெரும்பாலும் மகன். பதிவில் இருப்பது அவர் நம்பர். ஆனால் ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் மகனும் மருமகளும் காலையிலேயே ஷூ கம்பெனிக்குக் கிளம்பிவிடுகிற வீடுகளில், மதியக் கஞ்சியை மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் டியூப்பில் விடுவது வயதான மனைவியோ பக்கத்து வீட்டு அக்காவோதான். வார்டில் சொல்லிக்கொடுத்தது ஒருவருக்கு, வீட்டில் செய்வது இன்னொருவர். அதனால் முதல் கேள்வி "எப்படி இருக்காரு" என்பதாக இருக்கக் கூடாது. "மதியம் யாரு ஊட்டுறீங்க? அவங்ககிட்ட போனைக் குடுங்க" என்பதாக இருக்க வேண்டும். குடியாத்தம் எல்லையோரம் ஊட்டுகிறவருக்குத் தெலுங்கு சரளமாக வரும், வாணியம்பாடியில் உருது. அந்த மொழி பேசும் நர்ஸை அழைப்பில் சேர்ப்பதே நல்லது. மகன் இடையில் நின்று சொன்னால் கசப்பானதெல்லாம் வடிகட்டப்பட்டுவிடும்.

வீடு போன 3 நாளுக்குள் முதல் அழைப்பு, பிறகு முதல் மாதம் வாரம் ஒன்று என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். மகன் வீடு திரும்பும் ராத்திரி நேரம் வேண்டாம். ஊட்டும் நேரத்துக்கே வீடியோ கால் வைத்தால், கேட்காமலே பாதி தெரிந்துவிடும்.

முதலில் மூக்கோரத்தில் டியூப்பில் போட்ட குறியைக் காட்டச் சொல்ல வேண்டும். குறி வெளியே நகர்ந்திருந்தால் அன்றைக்கு ஊட்டல் அங்கேயே நிற்கும். வீட்டில் யாரும் டியூப்பை உள்ளே தள்ளக் கூடாது, நர்ஸோ ஆஸ்பத்திரியோதான் பார்க்க வேண்டும். குறி சரியாக இருந்தால் தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயர வேண்டும். ஒரே தலையணையை மடித்து வைத்தால் கழுத்து மட்டும் வளையும், உடம்பு தட்டையாகவே கிடக்கும். முதுகுக்கே அண்டை கொடுக்க வேண்டும். முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். ஒரு வேளைக்குக் கஞ்சி 200 முதல் 250 மில்லி, டாக்டர் வேறு அளவு எழுதியிருந்தால் அந்த அளவு. சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டு, கஞ்சி தானாக இறங்க 15, 20 நிமிஷம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அடுப்பில் வேலை கிடக்கிறது என்று பிஸ்டனால் அழுத்துகிறவர்கள் அதிகம். வயிறு உப்பி வாந்தி வந்து, அது நுரையீரலில் இறங்கினால் நிமோனியா. ஊட்டி முடித்ததும் படுக்க வைப்பதும் அதே ஆபத்துதான், அரை மணிக்குக் குறையாமல் சாய்ந்தே இருக்கட்டும்.

டியூப் அடைப்பதற்கு முக்கியக் குற்றவாளி நம் ஊர்க் கேழ்வரகுக் கஞ்சி. சூட்டில் தண்ணீராக இருக்கும், ஆறினால் இறுகும். சத்து வேண்டும் என்று கெட்டியாகக் காய்ச்சுகிறார்கள், குறை சொல்லவும் முடியாது. நீர்க்கக் காய்ச்சி மெல்லிய துணியில் வடிகட்டச் சொன்னால் போதும். மாத்திரைகளையும் ஒன்றாக இடித்துக் கலக்கக் கூடாது. ஒவ்வொன்றாகப் பொடித்து, நடுவில் தண்ணீர் விட வேண்டும். மேலே பூச்சு பூசிய ஆஸ்பிரினும், மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளும் பொடிக்கக் கூடாதவை. மாற்று கேட்டு டாக்டருக்கு எழுதுவது நர்ஸின் வேலை.

வாயால் சாப்பிடுகிறவர்களுக்குப் போன் ஒரு வகையில் நேரில் பார்ப்பதைவிடச் சளைத்ததில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் விழுங்கியதும் "ஆ" என்று இழுக்கச் சொல்லுங்கள். குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டால், இருமல் இல்லாவிட்டாலும், உணவு போகக் கூடாத வழியில் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். உடனே வாய்வழி ஊட்டுவதை நிறுத்தி, டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மாத்திரையில் பெயரைக் கேட்பது வீண். அட்டையைக் கேமரா முன் பிடிக்கச் சொல்லி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒப்பிட வேண்டும். லேசான பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து 21 நாள், பிறகு ஏதாவது ஒன்று மட்டும் என்று எழுதியிருக்கும். மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டையே நீட்டி மாதக்கணக்கில் இரண்டையும் வாங்குகிறவர்கள் உண்டு. ரத்தக்கசிவு அபாயம் அதில்தான் கூடுகிறது. இன்னொரு பக்கம், "21 நாள் முடிஞ்சிருச்சு" என்று இரண்டையும் நிறுத்துகிறவர்களும் உண்டு. மூன்றாவது வார அழைப்பை இதற்காகவே தவறவிடக் கூடாது. எதை நிறுத்துவது என்று நர்ஸ் தானாகச் சொல்லக் கூடாது, டாக்டர் சொல்லட்டும்.

பச்சிலை வைத்தியத்துக்குப் போய்வந்ததைத் திட்டுவோமோ என்று மறைப்பார்கள். "பத்தியம் ஏதாவது இருக்காரா?" என்று சாதாரணமாகக் கேட்டால் வெளியே வரும். பத்தியம் என்றால் பி.பி. மாத்திரை நின்றிருக்க வாய்ப்புண்டு. எண்ணெய் தேய்ப்பதைவிட, தேய்க்கும்போது வராத கையை, அதாவது வாதம் தாக்கிய கையை, பிடித்து இழுப்பதுதான் கெடுதல். தோள்மூட்டு நழுவும்.

பி.பி.யை வராத கையில் பார்க்க வேண்டாம். 5 நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு நல்ல கையில் இரண்டு முறை, ஒரு நிமிஷ இடைவெளியில். புரட்டிப் போடுவது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. இடுப்பின் பின்புறம், குதிகால் இரண்டையும் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது, அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும்.

அணைக்கட்டு தாலுகாவில் பீஞ்சமந்தை போன்ற மலைக் கிராமங்களுக்கு வீடியோவை நம்ப முடியாது. சாதாரண அழைப்பு, அதுவும் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்து பேசுவார்கள். நோயாளி வீட்டில் கிடப்பார். அங்கே 2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ பி.பி., சுகர் அளவைக் கேட்டு வாங்குவதுதான் வழி.

முகம் புதிதாகக் கோணினாலோ, நன்றாக இருந்த கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ நமக்குப் போன் போட்டுக் காத்திருக்கக் கூடாது, நேராக 108. இதை முதல் அழைப்பிலேயே சொல்லி, ஊட்டுகிறவர் வாயால் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம் அந்த மணியிலிருந்துதான் கணக்கு. இன்சுலின் போடுகிறவர் என்றால், ஊட்டல் தவறி சுகர் இறங்கினாலும் இதே மாதிரி தெரியும். வண்டி வருவதற்குள் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு பார்த்துவிடலாம்.