மில்டன் கீன்ஸில் ஓர் எலுமிச்சைக் கொட்டகை

ஊறுகாய் போட ஆறு எலுமிச்சை வாங்கினேன் என்று போனில் சொன்னதும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆறு பழத்துல ஊறுகாயா? யாருக்குல திருஷ்டி சுத்தப் போற?"

புளியங்குடிக்காரி வேறு எப்படிக் கேட்பாள்? எங்கள் ஊரில் பழத்தை எண்ணி வாங்குகிறவர்கள் கோயிலுக்குப் போகிறவர்கள்தான். மற்றதெல்லாம் மூட்டைக் கணக்கு. கமிஷன் கடையில் குவித்து, தரம் பிரித்து, கேரளாவுக்கு லாரி ஏறிவிடும். இங்கே இங்கிலாந்தில், சூப்பர்மார்க்கெட்டில் ஒரு பழம் சுமார் 30 பென்ஸ். விதை குறைவு, பிழிந்தால் புளிக்கும், ஆனால் கையில் வாசனை நிற்காது. அந்தச் சிரிப்புதான் என்னைப் பசுமைக்குடில் கட்ட வைத்தது.

ஊரிலிருந்து கன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர இந்த நாடு விடாது. லண்டன் ஈஸ்ட் ஹாமில் தமிழ்க் கடையில் வாங்கிய நாட்டுப் பழத்தின் விதையைத் தொட்டியில் போட்டேன். எலுமிச்சை விதை பெரும்பாலும் தாய் மரத்தைப் போலவே வரும். மாங்கொட்டை மாதிரி ஏமாற்றாது. காய்க்கத்தான் அஞ்சாறு வருஷம் ஆகும். அதுவரை மனசு கேட்காது என்று, கொஞ்சம் குளிர் தாங்கும் மேயர் எலுமிச்சை ஒட்டுக்கன்று ஒன்றும் நர்சரியில் வாங்கி வைத்தேன்.

குடிலுக்கு அதிகம் செலவில்லை. வயசானவர்கள் வீடு மாறும்போது, "கழற்றி எடுத்துக்கொண்டு போனால் இலவசம்" என்று பழைய அலுமினியச் சட்டங்களைக் கொடுத்துவிடுவார்கள். அப்படிக் கிடைத்தது ஆறுக்கு எட்டடி. உடைந்த கண்ணாடிகளுக்குப் பதில் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகடு. தகட்டின் மேல் விளிம்பைத் தண்ணீர் இறங்காத டேப்பால் மூடினேன்; கீழ் விளிம்புக்கு நுண்துளை டேப், உள்ளே சேரும் ஈரம் வடிய வேண்டுமே. வேலியோரம் இரண்டரை மீட்டர் உயரத்தைத் தாண்டாத வரை பொதுவாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் எலுமிச்சையை அறுத்து, குங்குமம் தடவி, மூலைக்கொன்றாக வைத்தேன். வேலிக்கு மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுத் தாத்தா, "எறும்பு வராமலிருக்கவா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

குளிர் நாட்டில் குளிர்தான் எதிரி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு வாய்த்த எதிரி காற்று. அதாவது, காற்று இல்லாமை. வெளியே இருபது டிகிரி இருக்கும் வெயில் நாளில் மூடிய குடிலுக்குள் நாற்பது ஆகிவிடும். தரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது கூரையில் திறப்பு வேண்டும் என்பது இங்குள்ள தோட்டக்காரர்களின் கணக்கு. எனக்குப் பத்து சதுர அடி தேவை. சட்டத்தோடு வந்ததோ இரண்டடிக்கு இரண்டடி ஜன்னல் ஒன்று. கூரையில் இன்னும் இரண்டு ஜன்னல் வெட்டி, தரையோரம் சாய்பலகைத் திறப்பும் வைத்தேன். சூடு மேலே ஏறி வெளியேறும், அந்த இடத்துக்குக் கீழிருந்து குளிர்ந்த காற்று வரும்.

அதைத் திறக்கிற கருவிதான் இந்த நாட்டில் நான் கண்ட பெரிய அதிசயம். கரண்ட் கிடையாது, மோட்டார் கிடையாது. ஒரு சின்னக் குழாய்க்குள் மெழுகு. வெயில் ஏறினால் மெழுகு விரிந்து தண்டைத் தள்ளும், ஜன்னல் திறக்கும். மாலையில் சுருங்கினால் ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். காபியைக் கையில் வைத்துக்கொண்டு அது மெல்ல மெல்ல எழும்புவதைப் பார்ப்பது என் சனிக்கிழமை வேலை. மனைவி இதைக் கல்யாண ஆல்பம் பார்ப்பதோடு ஒப்பிட்டு ஏதோ சொன்னாள், அது இங்கே வேண்டாம்.

2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்து முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியபோது அந்த மெழுகும் என்ன செய்யும்? கதவைக் கழற்றி வைத்து, வலை கட்டி, தரையெல்லாம் தண்ணீர் தெளித்தேன். "உனக்குத்தான் இது பழக்கமாயிற்றே" என்றார்கள் ஆபீசில். மின்விசிறியே இல்லாத வீட்டில் வெயில் எனக்கும் புதுசுதான். ஊரில் இந்த வெயிலுக்கு முற்றத்தில் ஈரத்துண்டோடு படுத்தால், சாயங்காலம் மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வரும்.

பனிக்காலம் வேறு தொல்லை. உள்ளே குமிழ் பிளாஸ்டிக் ஒட்டி, ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் தானே ஓடும் ஹீட்டர் வைத்தாயிற்று. மூடியே வைத்தால் சுவரெல்லாம் நீர் கோத்து இலையில் சாம்பல் பூஞ்சை பிடிக்கிறது. அதனால் ஜனவரியில்கூட வெயில் தலைகாட்டினால் மதியம் ஒரு மணி நேரம் ஜன்னலைக் கையால் திறந்து வைக்கிறேன். காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று என் கண்ணெதிரே வெளியே போகும். மின்கட்டணத்தைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

மேயர் காய்த்துவிட்டது. மஞ்சளாய், உருண்டையாய், லேசான இனிப்போடு, இந்த ஊர்க்காரர்கள் மாதிரி மரியாதையான பழம். நாட்டுக் கன்றில் முள் மட்டும் செழிப்பு. "தண்ணிய நிறுத்தி வாட விடு, பூக்கும்" என்கிறார் அப்பா. கிணற்றடித் தோட்டத்தில் அப்படித்தான் செய்வார். பத்து நாள் வெயிலே சேர்ந்தாற்போல் அடிக்காத ஊரில் எதை வாட விடுவது?

பூக்காவிட்டால் போகட்டும், இலை இருக்கிறது. நரம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, மிளகாய் வற்றல், ஓமம், புளி, உப்பு வைத்து இடித்தால் வேப்பிலைக்கட்டி. நாரத்தை இலைதான் பாதி வேண்டும்; அதற்கு ஒரு தொட்டி வைக்க இடமிருக்கிறதா என்று நேற்று டேப்பை எடுத்து அளந்தேன். மேசையை வெளியே தூக்கிப் போட்டால் இருக்கிறது.